பிரம்பை ஒடித்தவள்

ஹமீதா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு பானுரேகா மட்டும் எந்திரிச்சு வரலைன்னா என் கை என்ன கதி ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் ஒடம்பு நடுங்குதுடி" என்று சொன்னபோது, தையல்நாயகி விரலில் ஒட்டியிருந்த வடை எண்ணெயை எங்கே துடைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை மாட்டி முதுகில் ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தார்கள், அதில் துடைக்க முடியாது, புடவையிலும் முடியாது, இந்தப் பட்டுப்புடவை மருமகள் எடுத்துக் கொடுத்தது, ஊருக்குப் போனதும் கறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறாள். பட்டுக்கோட்டைக் கடைத்தெருவை ஒட்டிய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன ஹால். கீழே யார் வீட்டுக் காதுகுத்தோ, மேளச் சத்தம் தரை வழியாக ஏறி வந்து உள்ளங்காலில் அதிர்ந்தது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒரே வருஷம் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவர்கள், எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, முட்டிவலியும் சர்க்கரையும் பேரப்பிள்ளைகளின் போட்டோக்களுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் பானுரேகா, சம்பங்கி மாலைக்குள் சட்டம் போட்டு. போன ஐப்பசியில் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோயிற்று. அதனால் இந்த வருஷச் சந்திப்பில் ஆளுக்கொரு பள்ளிக்கூட ஞாபகமும் பானுவைப் பற்றி ஒரு ஞாபகமும் சொல்ல வேண்டும் என்று கோகிலம் ஏற்பாடு செய்திருந்தாள். கோகிலம் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையர் ஆனவள், இன்னும் வகுப்பு எடுப்பதுபோலத்தான் பேசினாள். மைக் கை மாறி கை மாறி வந்துகொண்டிருந்தது. தன் முறை வர இன்னும் இரண்டு பேர்தான், என்ன சொல்வது, பானு மாங்காய் ஊறுகாயைப் பங்கு போட்டுக் கொடுப்பாள் என்று சொல்லலாமா, அது ஒரு ஞாபகமா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு ஹமீதாவின் வாக்கியம் காதில் விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே இறங்கியது. பானுரேகாவா? பானுரேகாவா எழுந்து வந்தாள்?

பேர் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஹமீதாவுக்குத் தைராய்டு, மாத்திரை சாப்பிடுகிறாள், காலையில் படியேறும்போதுகூட "ஏய் செல்வமணி" என்று யாரையோ வேறு பேர் சொல்லிக் கட்டிக்கொண்டாள். இப்போது யாராவது திருத்துவார்கள். தையல்நாயகி உதட்டில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டாள், யாராவது "ஏய், அது பானு இல்லடி, இந்தா உக்காந்திருக்காளே தையலு, இவதான்" என்று கைகாட்டும்போது கூச்சப்படாமல் சிரிக்க வேண்டுமே. ஹமீதா சொல்லிக்கொண்டே போனாள். "மனோரஞ்சிதம் டீச்சர் கணக்கு நோட்ட வைக்கச் சொன்னாங்க, நான் எழுதல. அதுக்கு முந்தின நாளு எங்க உம்மாவுக்குக் காய்ச்சல், நான்தான் ரொட்டி சுட்டேன், கல்லு பட்டு உள்ளங்கை பூரா கொப்புளம். கைய நீட்டுங்கிறாங்க. நீட்டுனேன். விரிக்கச் சொல்றாங்க. விரிக்க முடியல. திமிரான்னு கேட்டு பிரம்ப ஓங்குறாங்க. அப்பதான் பானு எந்திரிச்சு வந்தா. ஒரு வார்த்த பேசல. டீச்சர் கையில இருந்த பிரம்ப வாங்கி, முட்டியில வச்சு, படக்குனு ஒடிச்சு மேசையில வச்சா. அல்லா மேல ஆணையா சொல்றேன், என் வாழ்க்கையில எனக்காக ஒருத்தி எந்திரிச்சு வந்தது அது ஒருதடவதான்." ஹமீதாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, மைக் அவள் மூக்கை உறிஞ்சுவதைப் பெரிதாக்கிக் காட்டியது. கோகிலம் தலையை ஆட்டினாள். "ஆமா ஆமா, பானுதான். எனக்கு இன்னும் அந்தச் சத்தம் காதுல இருக்கு." "பக்கத்து க்ளாஸ்ல நாங்க கேட்டோம்டி" என்றாள் பி செக்ஷன்காரி ஒருத்தி. யாரும் கைகாட்டவில்லை. தயாராக வைத்திருந்த சிரிப்பு தையல்நாயகியின் உதட்டிலேயே காய்ந்து, அதைக் கீழே இறக்கத் தெரியாமல் அவள் போட்டோவைப் பார்த்தாள். பானுவும் அதே மாதிரி ஒரு சிரிப்போடுதான் இருந்தாள், ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிசு பண்ணியிருப்பார்கள் போல.

படக்கென்று ஒடியவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதல் தடவை அது ஒடியவே இல்லை. மூங்கில் பிரம்பு, வில் மாதிரி வளைந்து கையை உதறிவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொண்டது. அந்த ஒரு நொடி இருந்ததே, பிரம்பை வாங்கியாயிற்று, முட்டியில் வைத்து அழுத்தியாயிற்று, அது ஒடியவில்லை, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இப்போது திரும்ப எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்கிற அந்த அவமானம், காது மடலெல்லாம் கொதித்து, அடிவயிற்றில் மூத்திரம் முட்டி, அதன் பிறகுதான் இரண்டாவது தடவை. இதை ஒருத்தரும் சொல்லவில்லை. பார்த்தவர்களுக்கு அது ஒரு நொடி, கண் கொட்டுகிற நேரம். செய்தவளுக்குத்தானே தெரியும். டீச்சர் அடிக்கவில்லை, திட்டவில்லை, "போய் உக்காரு" என்றாள், அவ்வளவுதான். பிறகு போர்டு பக்கம் திரும்பி நின்று சாக்பீஸை எடுத்து ஒன்றும் எழுதாமல் வைத்தாள். அப்பாவைக் கூட்டி வரச் சொல்லவில்லை, ஹெட்மிஸ்ட்ரஸிடம் போகவில்லை. அதுதான் தப்பாகிப்போயிற்றோ. முட்டிபோட வைத்திருந்தால், வெயிலில் நிறுத்தியிருந்தால், ஒரு வாரம் வராதே என்று அனுப்பியிருந்தால் எல்லோருக்கும் பேர் மறந்திருக்காது. தண்டனை இல்லாததால் அந்தக் காரியம் ஆள் இல்லாமல் நின்றுவிட்டது. அடுத்த வருஷமே தையல்நாயகியின் அப்பாவுக்கு மாற்றலாகி ஊர் விட்டுப் போயாயிற்று, பிறகு கல்யாணம், திருச்சி, பிறகு பிள்ளையோடு ஆவடி. பானு இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டு, மார்க்கெட்டிலும் கல்யாண வீட்டிலும் தேர்த் திருவிழாவிலும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு, இரண்டு பேரும் கறுப்பு, ஒல்லி, மடித்துக் கட்டின இரட்டைச் சடை. டீச்சர்களே "பானு" என்று இவளைக் கூப்பிட்டு "தையலு" என்று அவளை உட்காரச் சொல்வார்கள். முகம் இல்லாமல் நின்ற காரியத்துக்குத் தினம் பார்க்கிற முகத்தை எடுத்து மாட்டிவிட்டார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அப்படித்தான் நடக்கும், அப்படித்தான் நடக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், ஆனால் இடதுகைக் கட்டைவிரல் வலதுகை விரலிலிருந்த எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டே இருந்தது.

அவர் சிரித்தார். கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை, விசிறிக்கொண்டே ஒருத்தருக்கொருத்தர் சின்ன வயசுக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னாள், அவர் விசிறியை நிறுத்தி "நீயா?" என்றார். "நீயா, பிரம்பையா?" பிறகு சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிறவள் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்தாள். பயந்து பயந்து வாழ்ந்தவள்தான், மாமியாருக்கு, நாத்தனாருக்கு, வாசலில் பெல் அடித்தால், போன் ராத்திரியில் வந்தால், டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டால். ஆனால் எல்லாப் பயத்துக்கும் அடியில் ஒரு இடம் காய்ந்து கெட்டியாக இருந்தது, அங்கே அவள் பிரம்பை ஒடித்தவள். ஒருநாள் அவர் கையை ஓங்கினார், பிள்ளைக்குப் பரீட்சை சமயம், எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை, அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கை தன்னுடையதா என்று அவளே பார்த்தாள், மனதுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான், நான் யார் தெரியுமா. அவர் கையை இறக்கிவிட்டார், அதன் பிறகு ஓங்கியதில்லை. அது பானுவுடையது என்றால், அந்த மணிக்கட்டை யார் பிடித்தது? அப்படியானால் இத்தனை வருஷமும் அவள் எதன் மேல் நின்றுகொண்டிருந்தாள்? கீழே மேளம் நின்று, குழந்தை வீரிட்டு அழுதது. குத்திவிட்டார்கள் போல. அடுத்த காதையும் குத்த வேண்டும், முதல் காதைவிட அதுதான் கஷ்டம், குழந்தைக்கு இப்போது என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அம்மா காசிக்குப் போனாள். இதை நினைக்கவே கூடாது என்று தள்ளி வைத்திருந்தது, இப்போது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு எல்லாம் கலங்கிப்போயிருந்தது, பெற்ற பெண்ணையே "நீங்க எந்த ஊரு" என்று கேட்டாள், ஆனால் காசிக்குப் போனதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் சொல்லுவாள். படித்துறையில் பாசி வழுக்கியது, ஒரு படகுக்காரன் கையைக் கொடுத்துத் தூக்கினான், தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி, மூன்று முக்கு முக்கினதும் பல் கிடுகிடுவென்று அடித்தது. சொல்லும்போது அம்மாவுக்கு நிஜமாகவே பல் அடிக்கும். காசிக்குப் போனது சித்தி. அம்மா கும்பகோணத்தைத் தாண்டியதில்லை. சித்தி வந்து சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டு, ஆசைப்பட்டு ஆசைப்பட்டு, எந்த நாளில் என்று தெரியாமல் அது அம்மாவுடையதாகிவிட்டது. அந்தக் குளிர்ச்சி பொய் இல்லை, அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். அப்படியானால் காதுமடல் கொதித்ததும், பிரம்பு வளைந்து கையை உதறியதும்? அவள் கண்ணை மூடாமலேயே உள்ளே தேடினாள். பத்தாவது ஏ செக்ஷன், ஓட்டுக் கூரை, ஜன்னலுக்கு வெளியே தென்னை. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் முதுகு, பச்சைத் தாவணி, பெஞ்சிலிருந்து எழுந்து மேசைப் பக்கம் நடக்கிறாள். முதுகு. ஏன் முதுகு தெரிகிறது? தன் முதுகு தனக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் எழுந்து போகிறவளின் முதுகு தெரியும். நெஞ்சுக்குள் இல்லாத ஒரு படியில் கால் வைத்ததுபோல் ஆயிற்று. இது முதலிலிருந்தே இப்படித்தான் தெரிந்ததா, இல்லை, இப்போது ஹமீதா சொன்னதில் வரைந்துகொண்டதா? போன மாசம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அன்று ராத்திரி மருமகள் பிள்ளையிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. முட்டியைத் தடவிப் பார்த்தாள், பட்டுப்புடவைக்கு மேலேயே. வழுவழுப்பு. முட்டிக்கு ஞாபகம் ஒன்றும் இல்லை, தேய்மானம்தான் இருக்கிறது.

"நான் கொஞ்சம் பேசலாமா?" பானுவின் மகள் எழுந்து நின்றாள். சிந்துஜா, கோகிலத்தின் பக்கத்து நாற்காலியில் காலையிலிருந்து பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் போட்டோவை அவள்தான் கொண்டு வந்திருந்தாள். பானுவின் நெற்றி அவளுக்கு, ஆனால் பானுவிடம் இல்லாத ஒரு வேகம் கழுத்தில் இருந்தது. மைக்கை வாங்கி, ஆரம்பிக்கத் தெரியாமல் இரண்டு தடவை மூச்சு விட்டாள். "எனக்கு இந்தக் கதை தெரியாது ஆன்ட்டி. அம்மா சொன்னதே இல்ல. எங்கம்மாவா பிரம்ப ஒடிச்சாங்க? வீட்ல அம்மா ஒரு தடவகூட குரல ஒசத்துனதில்ல. அப்பா தட்ட தூக்கி எறிஞ்சா குனிஞ்சு பொறுக்குவாங்க. நான் கத்துவேன். போன புரட்டாசில பெரிய சண்ட. நான் கேட்டேன், வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் யாரையாச்சும் எதுத்து நின்னிருக்கியாம்மான்னு. அம்மா சும்மா சிரிச்சாங்க. எனக்கு அந்தச் சிரிப்பப் பாத்து இன்னும் கோவம். சாப்பிடாம ஹாஸ்டலுக்குக் கெளம்பிட்டேன். அடுத்த மாசம் அம்மா இல்ல." மைக்கை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள். "அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு ஒரு வருஷமா மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது. அவங்க மனசுல இது இருந்திருக்கு. இந்தப் பிரம்பு இருந்திருக்கு. சொல்ல வேணாம்னு சிரிச்சிருக்காங்க." சொல்லிவிட்டு அந்தப் பெண் அழவில்லை, முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது, அதைப் பார்க்கத்தான் தையல்நாயகிக்குத் தாங்கவில்லை. ஹமீதா எழுந்துபோய்க் கட்டிக்கொண்டாள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மைக் திரும்ப வட்டத்துக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் "எனக்கு இதுக்கு மேல பேச வராதுடி" என்று சொல்லி அதை அப்படியே தையல்நாயகியின் மடியில் வைத்துவிட்டாள். இன்னும் ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை. கனமாக இருந்தது, முந்தின கையின் வியர்வையோடு.

நான்தான் ஒடித்தேன். இரண்டு வார்த்தை. எழுந்து நின்று சொன்னால் முடிந்தது. சொன்னால் என்ன ஆகும், இவர்கள் நம்பமாட்டார்கள், செத்தவளின் பேரைப் பிடுங்கிக்கொள்ள வந்தவள் என்று நினைப்பார்கள், ஹமீதா முகம் திருப்பிக்கொள்வாள், அந்தப் பெண், அந்தப் பெண்ணின் முகம் திரும்பவும் மங்கும், அம்மாவின் சிரிப்பு திரும்பவும் ஒன்றுமில்லாத சிரிப்பாகிவிடும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் பானு இல்லாமல் போவாள். அது ஏன் இவர்களுக்குத் தெரியவில்லை. பானு என்று ஒருத்தி இருந்தாளே. விடை தெரிந்தும் கை தூக்க மாட்டாள், பக்கத்தில் இருப்பவள் காதில் சொல்லுவாள், இவள் எழுந்து சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொள்வாள், பானு குனிந்து சந்தோஷப்படுவாள். பல்லி விழுந்தால் அழுவாள். நாய் குறுக்கே வந்தால் தாவணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள், கை சில்லிட்டிருக்கும். மழைக்காலத்தில் நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்குத் தன் தாவணித் தலைப்பைப் பிழிந்து தலை துவட்டிவிடுவாள். அப்படி ஒருத்தி இருந்தாள், பயந்தவள், நல்லவள், அவளைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஸ்டூலில் ஒரு வீராங்கனையை உட்கார வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். பயந்தவளாக இருந்தால் மாலை கிடையாதா? அந்த மகளுக்கு அம்மாவாக அந்தப் பயந்தவள் போதாதா? போதவில்லை என்றுதானே ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். நினைப்பு சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து இடித்துக்கொண்டது. எழுந்து மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள், அது கீச்சென்று கத்தியது, கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "நான் தையல்நாயகி" என்றாள், அதற்கு மேல் வரவில்லை. தன் பேரே வேறு யாரோ சொன்ன மாதிரி ஹாலின் மூலையிலிருந்து திரும்பி வந்தது.

"சிந்து, இவதாம்மா உங்கம்மாவுக்கு உசிர்த் தோழி" என்று கோகிலம் எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒட்டிக்கிட்டே திரிவாளுங்க. எங்களைவிட இவளுக்குத்தான் நல்லாத் தெரியும்." சிந்துஜா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "ஆன்ட்டி, அப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா? அம்மா ஒடிக்கறப்ப முகம் எப்படி இருந்துச்சு ஆன்ட்டி? எனக்கு அத மட்டும் சொல்லுங்க. என்னால நெனச்சே பாக்க முடியல." முகம். தையல்நாயகி தேடினாள். அந்த முதுகு வந்தது, சடை வந்தது, அது திரும்பவில்லை. திரும்பு திரும்பு என்று உள்ளே கெஞ்சினாள், உன் முகத்தைக் காட்டிவிடு, உன்னுடையது என்றால் எடுத்துக்கொண்டு போ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அது திரும்பவில்லை. திரும்பாத அந்த முதுகு மெல்லக் கலைந்து, அது இருந்த இடத்தில் வேறு ஒன்று தெரிந்தது. மேசை விளிம்பு. சாக்பீஸ் தூள். அதற்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு. இரண்டாவது பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக, அந்தக் காலி இடத்தை ஒட்டி பானு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். கண் இரண்டும் விரிந்து, தண்ணீர் கட்டி, இமைக்காமல் நேராக இவளைப் பார்க்கிறாள். பானுவின் முகம், எதிரிலிருந்து. மேசைக்கு அருகில் நிற்பவளுக்கு மட்டும் தெரிகிற முகம். தையல்நாயகிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு கிளம்பி வந்து மைக்கில் சூறைக்காற்று மாதிரி கேட்டது. நான்தான். நான்தான். அங்கே நின்றது நான்தான். அம்மா, நான் காசிக்குப் போனேன் அம்மா. சொல்ல ஒருத்தரும் இல்லை, அத்தனை பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட நிதானமாக வந்தது. "அந்த நிமிஷம் உங்கம்மா முகத்த நான் நேருக்கு நேரா பாத்தேன். கண்ணு ரெண்டும் அப்படியே விரிஞ்சு போயிருந்துச்சு. தண்ணி கட்டிக்கிட்டு, விழாம. இமைக்கவே இல்ல. அந்த மாதிரி ஒரு கண்ண அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாத்ததில்ல. இருட்டுல உக்காந்திருக்கறப்ப திடீர்னு கரண்டு வந்தா முகம் ஒரு மாதிரி ஆகும் பாரு, அப்படி." எல்லாம் நிஜம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாயைப் பொத்தியிருந்த கைகளை மட்டும் சொல்லாமல் விட்டாள். சிந்துஜா கேட்டுக்கொண்டே தன்னை அறியாமல் கண்ணை விரித்திருந்தாள். அதே கண். இவ்வளவு நேரம் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று தையல்நாயகிக்குத் திக்கென்றது. "அம்மா பயந்துபோய் இருந்தாங்களா ஆன்ட்டி?" "பயந்தா. ரொம்பப் பயந்தா." கோகிலம் இதை ஏன் சொல்கிறாள் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். பெண் விடவில்லை. "பயந்துக்கிட்டேதான் செஞ்சாங்களா?"

இதற்குப் பாதி நிஜம் கிடையாது. மைக்கின் இரும்பு வலை உதட்டில் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. "பயப்படாம யாரும்மா செய்வா" என்றாள். "கால் ரெண்டும் வெடவெடன்னு நடுங்கும். திரும்பி ஓடிறலாம்னு இருக்கும். மொத தடவ அது ஒடியவே இல்ல. ஹமீதா மறந்துட்டா. வளஞ்சு திரும்ப நிமிந்துக்குச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, மானம் போகுது. அப்புறம் ரெண்டாவது தடவதான் ஒடிஞ்சுது." சொன்னதும் கை காலியானது போல் இருந்தது, மைக் கையில்தான் இருந்தது. இதைக்கூடக் கொடுத்துவிட்டேனா? எதற்குக் கொடுத்தேன்? ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம். ஹாலில் "ஓ" என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஹமீதா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தன் உள்ளங்கையையே பார்த்தாள், கொப்புளம் இருந்த இடத்தை. பிறகு நிமிர்ந்து தையல்நாயகியைப் பார்த்தாள், நேராக, வெகு நேரம். அவள் உதடு அசைந்தது. தையல்நாயகி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடாதே, சொல்லிவிடு, சொல்லிவிடாதே ஹமீதா.

"ஆமாண்டி!" என்றாள் ஹமீதா. "இப்ப நீ சொல்லவும்தான் வருது. மொத தடவ ஒடியலதான். பானு அப்படியே நின்னா. அப்புறம் கீழ் உதட்ட உள்ள இழுத்து பல்லால கடிச்சுக்கிட்டா. மோவாய்லாம் இப்படி சுருங்கிப்போச்சு. அழப்போறாளோன்னு நான் நெனச்சேன். அழல. கடிச்ச உதட்ட விடாம ரெண்டாவது தடவ வச்சு அமுத்துனா. அடியே, நான் அவளுக்கு ரொம்பப் பக்கத்துல நின்னேன்டி, இந்தா இவ்வளவு தூரம்." ஹமீதா தன் கீழுதட்டைக் கடித்து, மோவாயைச் சுருக்கிக் காட்டினாள், சுருக்கம் விழுந்த அந்த முகத்தில் ஒரு கணம் வேறொரு முகம் வந்து போயிற்று. கோகிலம் சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள், சிந்துஜா அதே மாதிரி தன் உதட்டைக் கடித்துப் பார்த்துக்கொண்டாள். தையல்நாயகி உட்கார்ந்தாள். கீழ் உதட்டையா, மோவாய் சுருங்கியதா, அது அவளுக்குத் தெரியாது, எப்படித் தெரியும், இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணின் எல்லாம் அவளிடம் இருந்தது, அந்தக் கொதிப்பு, அந்த நடுக்கம், அந்தக் கை, முகம் மட்டும் இல்லாமல் இருந்தது. "அடுத்தவங்ககிட்ட குடுடி" என்று யாரோ மைக்கை எடுக்கப் பார்த்தார்கள். அவள் விடாமல் பிடித்துக்கொண்டு, ஹமீதாவைப் பார்த்து, "இன்னொரு தடவ காட்டு" என்றாள்.